உண்மையும் அபிப்பிராயமும்: பிள்ளைகளுக்கு நாம் கற்பிப்பது என்ன?

பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்பதைப் பற்றி இப்பொழுது நம் நாட்டில் அநேகமாக யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் இருக்கிறது. கூலி வேலை செய்கிறவர்கூட வயிற்றைக் கட்டியாவது பிள்ளையைப் படிக்க வைக்கவேண்டும் என்கிறார். இது சந்தோஷப்பட வேண்டிய காரியமே. ஆனால் பத்து வருஷமோ பன்னிரண்டு வருஷமோ படித்து வெளியே வருகிற ஒரு பிள்ளைக்கு, ஒருவர் சொல்லும் வாக்கியம் சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு சங்கதியா, அல்லது சொன்னவருடைய சொந்த அபிப்பிராயமா என்று பிரித்துப் பார்க்கும் சக்தி வந்திருக்கிறதா என்று கேட்டால், வந்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்ல நம்மால் முடியவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிகிறது. படித்ததையெல்லாம் பேதமில்லாமல் விழுங்கவும் தெரிகிறது. இந்தக் குறையைப் பற்றித்தான் இவ்வாரம் சிறிது பேச விரும்புகிறோம்.

முதலில் விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு பிள்ளையிடம் மூன்று வாக்கியங்களைச் சொல்லுவதாக வைத்துக்கொள்ளுங்கள். "காவிரியின் குறுக்கே கட்டிய மேட்டூர் அணை 1934ம் வருஷத்தில் திறக்கப்பட்டது" என்பது ஒன்று. "காவிரித் தண்ணீரைப்போல் ருசியான தண்ணீர் உலகத்தில் எங்கும் கிடையாது" என்பது இரண்டு. "காவிரி இமயமலையில் உற்பத்தியாகிறது" என்பது மூன்று. மூன்றும் ஒரே ஆற்றைப் பற்றியவை. மூன்றையும் ஒரே குரலில், ஒரே நிச்சயத்தோடு சொல்லிவிடலாம். ஆனால் மூன்றும் ஒரே வகையைச் சேர்ந்த வாக்கியங்கள்தானா?

முதல் வாக்கியத்தைச் சோதிக்க வழி இருக்கிறது. சர்க்கார் தஸ்தாவேஜுகளைப் பார்க்கலாம்; அந்தக் காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டலாம். அப்படிப் பார்த்தால் தஞ்சாவூர்க்காரருக்கும் சேலத்துக்காரருக்கும், காவிரியைக் கண்ணாலேயே பார்த்திராத சீமைக்காரருக்கும் ஒரே விடைதான் கிடைக்கும். இரண்டாவது வாக்கியத்துக்கு எந்தத் தஸ்தாவேஜும் உதவாது. காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தத் தண்ணீர் ருசிக்கிறது. தாமிரவருணிக் கரைக்காரர் தம் ஆற்றுத் தண்ணீர்தான் ருசி என்பார். இருவரில் ஒருவரைப் பொய்யர் என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. ஏனெனில் அவரவர் சொல்லுவது ஆற்றைப் பற்றியதைவிட அவரவர் நாக்கைப் பற்றியதேயாகும்.

மூன்றாவது வாக்கியம் என்ன ஆகிறது? காவிரி உற்பத்தியாவது குடகு மலையிலுள்ள தலைக்காவிரியில். ஆகவே அந்த வாக்கியம் தப்பு. தப்பாக இருப்பதனால் அதை அபிப்பிராயம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. அதுவும் முதல் வாக்கியத்தைப்போலவே சோதித்துப் பார்க்கத்தக்க சங்கதிதான். சோதித்துப் பார்த்ததில் தோற்றுப்போன சங்கதி, அவ்வளவே. இந்த இடத்தில்தான் பெரியவர்களே அதிகமாய் ஏமாறுகிறார்கள். ஒருவர் பொய்யான ஒரு சங்கதியைச் சொல்லி, பிடிபட்டவுடன், "அது என் அபிப்பிராயம், அபிப்பிராயம் சொல்ல எனக்கு உரிமை இல்லையா?" என்று தப்பித்துக்கொள்ளுகிறார். காவிரி எங்கே உற்பத்தியாகிறது என்பதில் யாருக்கும் அபிப்பிராய உரிமை கிடையாது. பார்த்துத் தெரிந்துகொள்ளும் உரிமைதான் உண்டு.

உண்மை என்றால் மெய், அபிப்பிராயம் என்றால் ஒருவர் நினைப்பது என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போகிற பாடம் பிள்ளைக்குப் பாதிதான் உதவும். அந்தக் கணக்கில் பொய்ச் சங்கதிக்கு இடமே இல்லை. ஆதலால் பிள்ளைக்கு முதலில் பழக்க வேண்டியது ஒரு கேள்வியே. "இதை எதைக்கொண்டு தீர்ப்பது?" என்பதே அந்தக் கேள்வி. எண்ணியோ, அளந்தோ, போய்ப் பார்த்தோ, எழுதி வைத்ததைப் புரட்டியோ தீர்க்கலாம் என்றால் அது சங்கதி. பிறகு அது சரியா தப்பா என்று பார்க்கவேண்டியது. அப்படி எதனாலும் தீராது, ஆளுக்கு ஆள் மாறும் என்றால் அது அபிப்பிராயம். பிறகு அதற்குக் காரணம் உண்டா என்று கேட்கவேண்டியது.

அபிப்பிராயம் என்றால் இழிவான சரக்கு என்றும் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. அபிப்பிராயம் இல்லாமல் மனிதன் வாழ முடியாது. ஆனால் அதிலும் இரண்டு விதம் உண்டு. "எனக்குப் புளிக்குழம்பு பிடிக்கும்" என்பது ருசி. அதற்குக் காரணம் கேட்பது வீண் வேலை. "நம் ஊருக்கு இந்த வருஷம் கல்யாண மண்டபத்தைவிடப் புத்தகசாலை அவசியம்" என்பது தீர்மானம். அதைச் சொல்லுகிறவர் காரணம் சொல்லித்தான் ஆகவேண்டும். ஊரில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், பக்கத்துப் புத்தகசாலை எத்தனை மைலுக்கு அப்பால் இருக்கிறது, மண்டபத்துக்கு என்ன செலவு, புத்தகசாலைக்கு என்ன செலவு என்ற சங்கதிகள் அந்த அபிப்பிராயத்துக்குத் தூண்கள். தூண்களை ஆட்டிப் பார்க்க யாருக்கும் உரிமை உண்டு. தூணே இல்லாத தீர்மானத்தைக் குரலின் பலத்தில் நிறுத்துகிறவர்களை மதிக்கவேண்டிய அவசியம் இல்லை.

இதைச் சொல்லித் தராமல் விட்டால் வேறொரு ஆபத்தும் வரும். "தீண்டாமை தவறு" என்பது சங்கதியா, அபிப்பிராயமா என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கக்கூடும். இந்திய அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது என்பதும், அந்தச் சட்டம் 1950ம் வருஷம் ஜனவரி 26ந் தேதி முதல் அமுலுக்கு வந்தது என்பதும் சங்கதிகள். புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். தீண்டாமை தவறு என்பது மனிதர் செய்கிற தீர்மானம். ஆனால் அது புளிக்குழம்பைப் போன்ற ருசி அல்ல. ஒரு மனிதனைத் தண்ணீர் எடுக்கவிடாமலும் தெருவில் நடக்கவிடாமலும் தடுப்பதால் அவனுக்கு வரும் துன்பம் எவ்வளவு, அப்படித் தடுப்பதற்கு ஏதாவது நியாயம் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு நியாயமும் இல்லை என்று கண்டபிறகு செய்த தீர்மானம் அது. "அது உங்கள் அபிப்பிராயம், இது எங்கள் அபிப்பிராயம்" என்று சொல்லி இரண்டையும் சரிசமமாக உட்காரவைக்கப் பார்க்கிறவர்களிடம், "உன் காரணத்தைச் சொல்" என்று கேட்கப் பிள்ளைக்குத் தெரியவேண்டும்.

நிற்க, இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு எங்கே புரியப்போகிறது என்று சிலர் சொல்லலாம். பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தவர்கள் வேறு விதமாகச் சொல்லுகிறார்கள். அமெரிக்காவில் ரெப்பாக்கோலி, கோப்னிக் என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் 1997ம் வருஷத்தில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குழந்தையின் முன்னால் இரண்டு தட்டுகள். ஒன்றில் குழந்தைக்குப் பிடித்த பிஸ்கோத்து. மற்றதில் பச்சையாக ப்ராக்கோலி என்ற கோசு வகைக் காய். சோதனை செய்கிறவர் பிஸ்கோத்தைத் தின்று முகத்தைச் சுளித்தார். காயைத் தின்று சந்தோஷப்பட்டார். பிறகு கையை நீட்டி, "எனக்குக் கொஞ்சம் கொடு" என்றார். 14 மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கோத்தையே எடுத்துக் கொடுத்தன. 18 மாதக் குழந்தைகளோ காயை எடுத்துக் கொடுத்தன. அதாவது ஒன்றரை வயதுக் குழந்தைக்கே, எனக்குப் பிடித்தது வேறு, இவருக்குப் பிடித்தது வேறு என்பது தெரிந்திருக்கிறது.

2004ம் வருஷத்தில் வேறு சில ஆராய்ச்சிக்காரர்கள் மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகளைச் சோதித்து எழுதினார்கள். பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த சாமான்களைக் காட்டி ஒருவர் சரியான பெயர் சொன்னார். மற்றவர் தப்பான பெயர் சொன்னார். பிறகு பிள்ளைகள் பார்த்தேயிராத ஒரு புதுச் சாமானை எடுத்துவைத்து, இருவரும் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். யார் சரியாகச் சொன்னவர் என்று கவனித்து வைத்திருந்த பிள்ளைகள் பெரும்பாலும் அவர் சொன்ன பெயரையே ஏற்றுக்கொண்டன. முன்னே பொய் சொன்னவரை இப்பொழுது நம்பவேண்டாம் என்ற கணக்கு மூன்று நான்கு வயதிலேயே வந்துவிடுகிறது. அப்படியானால் வித்து பிள்ளையிடம் இருக்கிறது. அதை வளர்க்கிறோமா கருக்குகிறோமா என்பதே கேள்வி.

நம் தமிழே இதற்கு ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. "மாமா வந்தார்" என்று சொன்னால், சொல்லுகிறவர் தாமே பார்த்துச் சொல்லுகிறார் என்று எண்ணிக்கொள்ளலாம். "மாமா வந்தாராம்" என்று சொன்னால் யாரோ சொல்லக் கேட்டது என்று அர்த்தம். இந்த 'ஆம்' என்ற ஒரு சிறு அசையில், "இதற்கு நான் ஜவாப்தாரி அல்ல, கேள்விப்பட்டதைச் சொல்லுகிறேன்" என்ற முழு எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. இலக்கணம் படிக்காத பாட்டியும் இதைத் தப்பாமல் உபயோகிக்கிறார். அதைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளையும் பழகிவிடுகிறது. பார்த்ததையும் கேட்டதையும் பிரித்துக் காட்டும் சாதனத்தைத் தாய்மொழியோடு சேர்த்தே வாங்கிக்கொண்ட பிள்ளைக்கு, இந்தப் பாடம் புரியாது என்று சொல்லுவது நியாயமல்ல.

ஆனால் அந்த 'ஆம்' எவ்வளவு தூரம் பிழைத்திருக்கிறது என்று பாருங்கள். முதல் தெருவில் "பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்களாம்" என்று புறப்பட்ட பேச்சு, மூன்றாம் தெருவுக்குப் போகும்போது "வந்திருக்கிறார்கள்" என்று ஆகிவிடுகிறது. ஐந்தாம் தெருவில் "நானே பார்த்தேன்" என்பவரும் கிடைத்துவிடுகிறார். முன்காலத்தில் இதற்கு ஒரு வாரமாவது பிடித்தது. இப்பொழுது கைபேசியில் வாட்ஸ்அப் வழியாக ஒரு நாழிகை போதும். அதில் வரும் செய்திக்கு முகமும் கிடையாது, 'ஆம்' என்ற அசையும் கிடையாது.

இதன் பலனை 2018ம் வருஷத்தில் இந்த நாடு கண்டது. பிள்ளைகளைக் கடத்தும் கூட்டம் திரிகிறது என்ற வதந்தி பல மாகாணங்களில் பரவியது. மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதுபோன்ற ஒரு படம் கைக்குக் கை போயிற்று. அது உண்மையில் பாகிஸ்தானிலுள்ள கராச்சி நகரத்தில், பெற்றோருக்கு எச்சரிக்கை சொல்லுவதற்காக எடுத்த படம். கடைசியில் அந்த இருவரும் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பாகத்தை யாரோ வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பரப்பினார்கள். பார்த்தவர்கள், "கண்ணால் பார்த்தோமே, இதைவிட என்ன வேண்டும்?" என்றார்கள். கண்ணால் பார்த்தது ஒரு படத்தை. அது எங்கே, எப்பொழுது, யாரால், எதற்காக எடுக்கப்பட்டது என்பது எதையும் அவர்கள் பார்க்கவில்லை.

அந்த வருஷம் மே மாதத்தில் திருவண்ணாமலை ஜில்லாவில், குலதெய்வக் கோவிலுக்குக் காரில் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அந்தக் குடும்பத்தில் அறுபது வயது கடந்த ஓர் அம்மாள் அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் கூடி அடித்ததில் அந்த அம்மாள் இறந்துபோனார். மிட்டாய் கொடுத்தார் என்பது சங்கதி. பிள்ளை பிடிக்க வந்தவர் என்பது கூட்டத்தின் ஊகம். இரண்டுக்கும் நடுவே, "எப்படித் தெரியும்?" என்று உரக்கக் கேட்டுக் கூட்டத்தை நிறுத்த ஒருவர் இருந்திருந்தால் ஓர் உயிர் தப்பியிருக்கும். அடித்தவர்களில் பள்ளிக்கூடம் போனவர்கள் இல்லையென்றா நினைக்கிறீர்கள்? அதே வருஷம் ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனி இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுவுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி கட்டுப்பாடு செய்தது. கம்பெனி விரலைக் கட்டலாம். புத்தியைப் பழக்குவது கம்பெனியால் ஆகிற காரியமல்ல.

அதற்கு முந்திய வருஷம், 2017 பிப்ரவரியில், தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துத் தடுப்பூசி போடும் பெரிய ஏற்பாடு தமிழ்நாடு உட்படச் சில மாகாணங்களில் தொடங்கியபோதும் இதே கதைதான். ஊசியால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று கைபேசியில் வதந்தி பரவி, பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவே பயந்தார்கள். கேரளத்தில் கண்ணூர் ஜில்லாவிலும் அப்படியே நடந்தது. ஆனால் அந்த ஜில்லா அதிகாரிகள் அதோடு விடவில்லை. 2018ம் வருஷத்தில் சுமார் 150 சர்க்கார் பள்ளிக்கூடங்களில், வரும் செய்தி மெய்யா பொய்யா என்று பார்க்கும் விதத்தைப் பிள்ளைகளுக்கு ஒரு பாடமாகவே நடத்தினார்கள். செய்தி எங்கிருந்து வந்தது, வேறு யாராவது இதைச் சொல்லுகிறார்களா, இதைப் பரப்புவதால் யாருக்கு லாபம் என்று கேட்கப் பழக்கினார்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொன்னார்கள். சர்க்கார் நினைத்தால் செய்யக்கூடிய காரியம் இது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியது என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். சீமைக்காரர்களுக்கு இல்லை என்று யாரும் மயங்கவும் வேண்டாம். பணக்கார நாடுகள் சேர்ந்து, 15 வயதுப் பிள்ளைகளுக்காக நடத்தும் பீசா என்ற பரீட்சை 2018ம் வருஷத்தில் 79 நாடுகளிலும் பிரதேசங்களிலும் நடந்தது. படித்த பத்தியில் வெளிப்படையாகச் சொல்லாத குறிப்புகளைக் கொண்டு, எது சங்கதி எது அபிப்பிராயம் என்று பிரிக்கக்கூடிய பிள்ளைகள் அந்தப் பணக்கார நாடுகளிலேயே நூற்றுக்கு 9 பேருக்கும் குறைவு. பெரியவர்கள் நிலைமையும் மேல் அல்ல. அதே வருஷம் அமெரிக்காவில் பியூ நிலையம் வயது வந்தவர்களிடம் ஐந்து சங்கதிகளையும் ஐந்து அபிப்பிராயங்களையும் கொடுத்துப் பிரிக்கச் சொன்னது. ஐந்து சங்கதிகளையும் சங்கதிகள் என்று சரியாய்க் கண்டவர்கள் நூற்றுக்கு 26 பேர். ஐந்து அபிப்பிராயங்களையும் சரியாய்க் கண்டவர்கள் நூற்றுக்கு 35 பேர். நல்ல கட்டடமும் நிறையப் புத்தகமும் மட்டும் இந்தச் சக்தியைத் தந்துவிடுவதில்லை என்று இதனால் தெரிகிறது.

அப்படியானால் ஒன்றரை வயதிலும் மூன்று வயதிலும் இருந்த சக்தி பதினைந்து வயதில் எங்கே போயிற்று? நம்மைக் கேட்டால், அதில் பெரும்பாகத்தை வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் பெரியவர்களே பறித்துவிடுகிறார்கள் என்றுதான் சொல்லுவோம். எப்படி என்றால், தங்கள் அபிப்பிராயத்தைச் சங்கதியின் குரலில் சொல்லிச் சொல்லிப் பறிக்கிறார்கள். "அந்தத் தெருப் பிள்ளைகளோடு விளையாடாதே, அவர்கள் தாழ்ந்தவர்கள்" என்று சொல்லும்போது, மேட்டூர் அணை 1934ல் திறக்கப்பட்டது என்று சொல்லும் அதே குரலில்தானே சொல்லுகிறார்கள்? பிள்ளை இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொள்ளுகிறது. லாண்ட்ஸ்டைனர் என்பவர் 1901ம் வருஷத்திலேயே மனித ரத்தத்தைக் குழுக்களாகப் பிரித்துக் காட்டினார். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றும்போது ஏ குழுவா, பி குழுவா, ஓ குழுவா என்று பார்க்கிறார்களே தவிர, எந்தத் தெரு என்று எந்த டாக்டரும் பார்ப்பதில்லை. ரத்தக் குழு சோதித்து அறிந்த சங்கதி. தாழ்ந்த தெரு என்பது யாரோ தங்கள் லாபத்துக்காகச் சொல்லி வைத்த அபிப்பிராயம்.

"பெண் பிள்ளைக்குக் கணக்கு வராது" என்பதும் அப்படித்தான். இது பார்வைக்குச் சங்கதிபோல் இருக்கிறது. சோதித்துப் பார்க்கலாம், வகுப்பிலுள்ள மார்க்குப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பொய் என்பது ஒரு நிமிஷத்தில் தெரியும். ஆனால் பட்டியலைப் பார்க்காமலே பாட்டனார் சொல்லுகிறார், தகப்பனார் சொல்லுகிறார். கேட்டுக் கேட்டு அந்தப் பெண்ணே நம்பிவிடுகிறாள். நம்பினபிறகு கணக்குப் புத்தகத்தைத் திறக்க அவளுக்கு எங்கிருந்து மனம் வரும்? பெரியவர்கள் விளையாட்டாய்ச் சொன்ன ஒரு வாக்கியம் ஒரு பெண்ணின் பிழைப்பையே கெடுத்துவிடுகிறது.

இதைவிட மோசமானது, பிள்ளை வாய் திறந்து "எப்படித் தெரியும்?" என்று கேட்கும்போது கிடைக்கும் பதில். "அதிகப்பிரசங்கி", "எதிர்த்துப் பேசாதே", "பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்" என்பவைதானே நம் வீடுகளில் வழங்கும் பதில்கள்? பள்ளிக்கூடத்தில் பிரம்பு போய்விட்டது என்கிறார்கள்; பரிகாசம் போகவில்லை. இந்தக் கேள்விக்கு இரண்டு தடவை தலையில் குட்டு வாங்கின பிள்ளை மூன்றாம் தடவை கேட்காது. கேட்காத பிள்ளையை நல்ல பிள்ளை என்று ஊரார் மெச்சுவார்கள்.

கண்ணால் கண்டதற்கும் அதைப் பற்றி வாய் சொல்லுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட, 1995ம் வருஷம் செப்டம்பர் 21ந் தேதியைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. அன்று பிள்ளையார் சிலை பால் குடிக்கிறது என்று நாடு முழுவதும் கோவில்களில் கூட்டம் நெரிந்தது. ஜனங்கள் பொய் சொன்னார்கள் என்று நாம் சொல்லவில்லை. கரண்டியைச் சிலையின் வாயருகே வைத்தால் கரண்டியிலுள்ள பால் குறைந்தது. அவர்கள் கண்டது மெய். "சிலை குடித்தது" என்பது கண்டதற்கு அவர்கள் கொடுத்த அர்த்தம். டெல்லியில் சர்க்கார் விஞ்ஞானிகள் பாலில் வர்ணம் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். சாய்ந்த கரண்டியின் விளிம்பில் நின்ற பால் கல்லைத் தொட்டதும் கல்லின்மேல் மெல்லிய படலமாய் வழிந்து இறங்குவது வர்ணத்தால் தெரிந்தது. வெள்ளைக் கல்லில் வெள்ளைப் பால் வழிந்தால் கண்ணுக்கு எப்படித் தெரியும்? ஒரு கரண்டியும், கொஞ்சம் வர்ணமும், ஈரமான ஒரு கருங்கல்லும் இருந்தால் எந்த உபாத்தியாயரும் வகுப்பில் இதைச் செய்து காட்டலாம். "என்ன கண்டாய்? அதிலிருந்து என்ன நினைத்தாய்?" என்று இரண்டு கேள்விகளையும் தனித்தனியே கேட்டால் போதும்.

இனி ஆட்சேபணைகளைப் பார்ப்போம். இப்படிப் பழக்கினால் பிள்ளைகள் பெரியவர்களை மதிக்காது என்பார்கள். சரியாய்ச் சொன்னவரையே நம்புவது மூன்று வயதுப் பிள்ளையின் இயல்பு என்று மேலே கண்டோம். ஆகவே மெய் சொல்லுகிற பெரியவருக்கு இந்தப் பழக்கத்தால் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது. குறைந்துபோகும் மதிப்பு எதுவோ அது இருக்கவேண்டியதும் அல்ல. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டிலைவிடப் பெரிய பெயர் எடுத்த பெரியவர் யார்? ஆண்களைவிடப் பெண்களுக்குப் பற்கள் குறைவு என்று அவர் எழுதிவைத்தார். வீட்டிலுள்ள ஒரு பெண்பிள்ளையை வாயைத் திறக்கச் சொல்லி எண்ணியிருந்தால் தீர்ந்துபோகும் காரியம். வயது வந்தவருக்கு 32, குழந்தைக்குப் பாற்பற்கள் 20 என்பது இருபாலாருக்கும் ஒன்றே. அரிஸ்டாட்டிலின் மற்றப் பெருமைகளுக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை. எவ்வளவு பெரியவர் சொன்னாலும் பல் எண்ணிக்கையைப் பல்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதே இதிலுள்ள படிப்பினை.

சங்கதிகளே மாறிவிடுகின்றனவே, பிறகு எதை நம்புவது என்பது மற்றோர் ஆட்சேபணை. 1930ம் வருஷத்தில் கண்டுபிடித்த புளூட்டோவைக் கிரகம் என்றார்கள். 2006ம் வருஷத்தில் வானநூலார் சங்கம் கூடி அதைக் குறுங்கோள் என்று வைத்தது. ஆகவே விஞ்ஞானமும் அபிப்பிராயம்தானே என்று கேட்கிறார்கள். 2006ல் புளூட்டோ தன் பாதையை விட்டு விலகிவிடவில்லை. அது சூரியனைச் சுற்றுவது அப்படியேதான் இருக்கிறது. எதற்குக் கிரகம் என்று பெயர் வைப்பது என்ற ஏற்பாடுதான் மாறிற்று. அந்த ஏற்பாடும் இரகசியமாக மாறவில்லை; காரணம் சொல்லி, வாதாடி, ஓட்டெடுத்து மாறிற்று. புதிய சான்று வந்தால் பழைய முடிவைத் திருத்திக்கொள்ளுவது நேர்மையே. எந்தச் சான்று வந்தாலும் திருத்தமாட்டேன் என்பவரிடத்தில்தான் பிள்ளைகள் எச்சரிக்கையாய் இருக்கவேண்டும்.

என்ன செய்யவேண்டும் என்றால், பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. வீட்டில் பெற்றோர் தங்கள் பேச்சைக் கொஞ்சம் திருத்திக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. தனக்குப் பிடித்ததை "எனக்குப் பிடிக்கும்" என்றும், கேள்விப்பட்டதை "என்று சொல்லக் கேட்டேன்" என்றும், பார்த்ததை மட்டும் பார்த்ததாகவும் சொல்லவேண்டும். பிள்ளை கேட்டதற்கு விடை தெரியாவிட்டால் "எனக்குத் தெரியாது, வா பார்ப்போம்" என்று சொல்லவேண்டும். இந்த நான்கு வார்த்தைகளைத் தகப்பனாரின் வாயிலிருந்து கேட்ட பிள்ளை அதிர்ஷ்டசாலி.

பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். பிள்ளைகளை வரிசையாய் உட்காரவைத்து முதல் பிள்ளையின் காதில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, கடைசிப் பிள்ளை அதை எப்படிச் சொல்லுகிறது என்று பார்த்தால் வதந்தி பிறக்கும் விதம் சிரிப்போடு விளங்கும். ஒரே வாழைப்பழத்தைக் கொடுத்து அதன் நீளத்தை அளக்கச் சொன்னால் எல்லோருக்கும் ஒரே அளவு வரும். ருசியைச் சொல்லச் சொன்னால் பத்துப் பேர் பத்து விதம் சொல்லுவார்கள். அண்ணன் தங்கைமார் பற்களை எண்ணிவரச் சொல்லலாம்; விழுந்த பல்லையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பதும் ஒரு பாடமே. சற்றுப் பெரிய பிள்ளைகளிடம் அன்றைய பத்திரிகையைக் கொடுத்து, சங்கதிக்கு அடியில் ஒரு கோடும் அபிப்பிராயத்துக்கு அடியில் இரண்டு கோடும் போடச் சொல்லலாம். பரீட்சைக் கேள்வியிலும் "விடை என்ன?" என்பதோடு "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வியும் சேரவேண்டும்.

இது யாரோ சிலருடைய ஆசை என்று யாரும் ஒதுக்கவேண்டாம். விஞ்ஞான மனப்பான்மையையும், மனிதத் தன்மையையும், ஆராய்ந்து பார்க்கும் உணர்ச்சியையும், சீர்திருத்த நோக்கத்தையும் வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976ம் வருஷத்து 42-வது திருத்தத்தின் மூலம் இந்திய அரசியல் சட்டத்தில் 51ஏ பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கடமையைப் பதினெட்டு வயதில் ஓட்டுச்சீட்டோடு சேர்த்துக் கையில் கொடுத்துவிட முடியாது. "அது ஏன்?", "இது எப்படி?" என்று பிள்ளை நம்மைத் துளைத்தெடுக்கும் வயதிலேயே ஆரம்பிக்கவேண்டும்.

ஆகவே தோழர்களே! பிள்ளைகளுக்கு எதை நம்பவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எப்படிப் பார்த்து நம்பவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப் பெற்றோரையும் உபாத்தியாயரையும் விட்டால் நாதி கிடையாது. இந்தத் தலையங்கத்தில் மேலே நாம் சொன்ன வருஷங்களும் எண்ணிக்கைகளும் சங்கதிகள். அவற்றைச் சோதித்துப் பாருங்கள். சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் என்பதும், கெடுப்பவர்கள் பெரியவர்களே என்பதும் நமது அபிப்பிராயம். அதற்குக் காட்டிய காரணங்களை நிறுத்துப் பாருங்கள். அப்படிப் பார்த்து, சரியென்று பட்டால் இன்று இரவே உங்கள் வீட்டில் ஆரம்பியுங்கள். உங்கள் பிள்ளை உங்களைப் பார்த்து "எப்படித் தெரியும்?" என்று கேட்கும், அப்பொழுது கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.